ஓட்டை என்று நான் சொன்ன படகு

ஸ்டெல்லா,

குட்டைப் படகில் ஓட்டை இல்லை. நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டை இருக்கிறது என்று சொன்னது நான். தப்பாகச் சொல்லிவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னை முடிக்க விடமாட்டாய். "சரிம்மா, வுடுமா, கிளாஸ் இருக்குது" என்று வைத்துவிடுவாய். நீ வைத்த பிறகு மறுபடி கூப்பிட எனக்கு உடம்பில் தெம்பு இருக்காது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நாளைக் காலையில் கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை சென்னையில் உன் கையில் இருக்கும் என்கிறார்கள். சனிக்கிழமை நீ வந்து கேப்டன் சாரிடம் நெட்டைப் படகுக்குப் பேச்சை முடிப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு.

நீயும் ஜெரால்டும் அந்த இரண்டு படகுக்கும் இங்கிலீஷில் பெயர் சொல்வீர்கள். ரேஸிங் வெர்ஷன், க்ரூஸிங் வெர்ஷன். எனக்கு அது நெட்டை, இது குட்டை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, உடம்பு ஒன்றுதான் என்று நீ முதல் நாளே காகிதத்தில் வரைந்து காட்டினாய். ஒன்றுக்குப் பாய்மரம் உயரம். அடியில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு தொங்குகிறது. உள்ளே போனால் ஒன்றுமே இல்லை, காலியான உப்புக் கொட்டகை மாதிரி இருக்கிறது. இன்னொன்றுக்குப் பாய்மரம் குட்டை, அடித்தகடும் குட்டை. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, கக்கூஸ், டீசல் இன்ஜின். கப்பல் வேலையில் இருந்து ரிட்டயர் ஆகி வந்த கேப்டன் சார் ஒன்றை ரேஸுக்கும் ஒன்றை ஊர் சுற்றவும் என்று ஆசை ஆசையாக வாங்கினார். இப்போது கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று இரண்டையும் விற்கிறார். உங்களால் ஒன்றுதான் வாங்க முடியும். உனக்கு நெட்டை, ஜெரால்டுக்குக் குட்டை. கல்யாணத்துக்கு முன்னாலேயே வழக்கு வந்துவிட்டது. "அதுல ரேஸ் போனா கடைசிதான் வருவோம்" என்று குட்டையைச் சொல்வாய் நீ. "இதுல ராத்திரி படுக்க முடியுமா, ஒரு டீ போட முடியுமா" என்று நெட்டையைச் சொல்வான் அவன். சிரித்துக்கொண்டேதான் பேசினீர்கள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கட்டினீர்கள், அம்மா வந்து பார்க்கட்டும், அம்மா எதைச் சொல்கிறாளோ அதுதான் என்று. படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கடலுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் குடியிருந்தும் நான் கடல்மேல் போனவள் இல்லை. மதகைத் திறந்து அதன் தண்ணீரை உள்ளே விட்டு, காயவைத்து, உப்பை வாருகிறவள். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் பாண்டிச்சேரி துறைமுகத்தில் நெட்டையில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். ஞாபகம் இருக்கும். உட்கார இடம் என்று ஒன்றைக் காட்டினாய், அது இடமே இல்லை, ஒரு விளிம்பு. துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் படகு ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, குனி!" என்று நீ கத்துகிறாய், என் தலைக்குமேல் கட்டை ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறது. ஜெரால்டு கயிற்றை இழுக்கிறான், நீ போதாது என்கிறாய், அவன் இன்னும் இழுக்கிறான். காலையில் சாப்பிட்ட இட்லி எனக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது உன் முகத்தைப் பார்த்தேன், ஸ்டெல்லா. முகமெல்லாம் தண்ணீர், முடியெல்லாம் பிரிந்து கிடக்கிறது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாயின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் அம்மா வாந்தி எடுக்கிறாள் என்பதுகூட உனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு சந்தோஷமாக ஒரு ஆள் இருக்க முடியுமா என்று கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் குட்டை. நெட்டைக்கு ஆழம் வேண்டும், அது துறைமுகத்தைவிட்டு எங்கேயும் ஒதுங்க முடியாது. குட்டை நம் பக்கத்திலேயே, முகத்துவாரத்துக்கு உள்ளே உப்பங்கழியில் கேப்டன் வீட்டு வாசலில் மிதந்துகொண்டு நிற்கிறது. அன்று காலை அளத்தில் உப்பு வாரல். நீங்கள் காரில் வந்து ஹாரன் அடித்தபோது நான் பாத்தியில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்து வர நேரமில்லை என்று அவசரப்படுத்தினாய், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே ஏறிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். குட்டை சாயவில்லை, ஆடவில்லை, யாரையும் குனியச் சொல்லவில்லை. கழியில் மெதுவாகப் போனது. ஜெரால்டு அந்தச் சின்ன அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தான். "அத்தை, கல்யாணம் ஆனதும் இதுலயே வந்து உங்க அளத்து மதகுகிட்ட கட்டிடுவோம். மதியம் சாப்புட்டுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, சாயந்திரம் கெளம்பிடுவோம்" என்றான். அப்புறம், "நீங்க வேணா சித்த படுங்க அத்தை, முட்டி வலிக்குதுன்னீங்களே" என்றான். நான் படுத்தேன். பகலில் படுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. அளத்தில் நான் பகலில் படுத்தால், வேலைக்கு வருகிற பெண்கள் வழியாக, அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று பிரம்மதேசம் வரைக்கும் செய்தி போய்விடும். அந்தப் படுக்கையில் தலைக்குப் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தூங்கிவிட்டேன். எழுந்திருக்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. நிம்மதி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நிம்மதி வந்தால் எனக்கு உடனே சந்தேகமும் வந்துவிடும். கீழே இறங்குகிறபோது, "தரைப் பலகைய தூக்கு, அடியில பாக்கணும்" என்றேன். யார் கேட்கச் சொன்னது? நானாகத்தான் கேட்டேன். ஜெரால்டு பலகையைத் தூக்கினான், படகின் அடிவயிற்றில் ஒரு சொம்பு அளவுக்குத் தண்ணீர் நின்றது. கேப்டன் சார் எட்டிப் பார்த்து, "மழைத்தண்ணிங்க அது. போன வாரம் பேஞ்சுதுல்ல, நான்தான் மேல கதவ சரியா மூடல" என்றார். மழைத்தண்ணீரா கழித்தண்ணீரா என்று உப்பளத்துக்காரிக்கே சொல்லிக்கொடுக்கிறாரே என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. விரலை விட்டேன், நாக்கில் வைத்தேன். "மழைத்தண்ணியா இது? கடல்தண்ணி. அதுவும் புதுசு இல்ல, நின்னு காஞ்ச தண்ணி. ரொம்ப நாளா ஒழுவுது" என்றேன். தீர்ப்பு மாதிரிச் சொன்னேன். ஜெரால்டுதான், "ஆள வெச்சி ஒருவாட்டி செக் பண்ணிப் பாக்கலாமே" என்று இழுத்தான். நீ விடவில்லை. "எங்கம்மா நாக்குக்கு மேல இன்னா செக்கு? அம்மாவே சொல்லிட்டாங்க, ஜெரால்டு. அப்ப இது வேணாம், நெட்டைதான்." உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு அப்போதே கேட்டது. பலகையைத் தூக்குவதற்கு முன்னால் படுக்கைக்குத் திரை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தான் அவன். கையில் இருந்த டேப்பை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, "சரி அத்தை, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

இனி உனக்குத் தெரியாதது. திங்கட்கிழமை அளத்தில் எங்களுக்குக் குடிதண்ணீர் வந்தது. கன்னியப்பன்தான் டெம்போவில் கேன் போட்டுக்கொண்டு வருவான், உனக்குத் தெரியும். நல்ல வெயில். பானையில் ஊற்றி வைத்த தண்ணீரில் தூசி விழுந்திருந்தது, விரலால் எடுத்துப் போட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "டேய் கன்னியப்பா, இன்னாடா இது, கழித்தண்ணிய மொண்டுகினு வந்துட்டியா?" என்று கத்தினேன். அவன் ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தான். "நல்லாத்தானே இருக்குது. அக்கா, நீ கைய கழுவிட்டு நக்கிப் பாரு" என்றான். வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். "அக்காவுக்குத் தேனக் குடுத்தாலும் உப்புன்னுதான் சொல்லும்" என்று ஒருத்தி. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அந்தப் படகின் அடிவயிறு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே கை. வாரல் சமயத்தில் விரலில் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து, ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு உட்கார்ந்திருக்கும். முந்தானையில் துடைத்தால் போகுமா? நான் ருசி பார்த்தது அந்தத் தண்ணீரை இல்லை, என் விரலை. நம் வீட்டுக் குழம்பில் உப்பு போதவில்லை என்று நீயும் உன் அப்பாவும் தினம் சொல்வீர்கள். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்புக்குப் பஞ்சம் என்று அப்பா கிண்டல் செய்வார். கையில் விட்டு நக்கிப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது ஏன் என்று யோசித்திருக்கலாம்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டுக் கேப்டன் வீட்டுக்குப் போனேன். கையைச் சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, நகத்துக்கு அடியில் எல்லாம் ஊசியால் எடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் எதையும் தொடாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கேப்டன் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஸ்பூன் தரட்டுங்களா, இல்ல விரலேதானா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்பூனே கொடுங்கள் என்றேன். பலகையைத் தூக்கினோம். தண்ணீர் முன்பு நின்ற அளவுகூட இல்லை, வெயிலுக்குக் குறைந்திருந்தது. ஒழுகுகிற படகில் தண்ணீர் குறையுமா? ருசி பார்த்தேன். இலை ஊறின வாசனை, கொஞ்சம் டீசல் நாற்றம். உப்பு இல்லை. "நான் தப்பா சொல்லிட்டேங்க, மன்னிச்சிக்கோங்க" என்றேன். அவர் பெரிய மனுஷன். "அதுக்கு இன்னாங்க, பரவால்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் படகையே பார்த்துக்கொண்டு, "அந்தத் தம்பி மறுநாளு தனியா வந்துச்சிங்க. டேப்ப வுட்டுட்டேன், எடுத்துக்கிறேன்னு சொல்லிச்சி. டேப்பு அது பாக்கெட்லயேதான் இருந்துச்சி. உள்ள போயி சித்த நேரம் உக்காந்துட்டு, பலகைய எல்லாம் ஒழுங்கா மூடி வெச்சிட்டுப் போச்சி" என்றார். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் போனில் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

இப்போது உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு தடவை பாண்டிச்சேரிக்குக் குடிபோய்விடலாம் என்று ஆசைப்பட்டார். நீ அப்போது கைக்குழந்தை. அளத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கே கடை வைக்கலாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும், என் முட்டிக்கும் ஓய்வு கிடைக்கும் என்றார். ஒரு வீட்டைப் பார்த்து வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல வீடு. பின்பக்கம் கிணறு, கிணற்றடியில் முருங்கை. எனக்கு அந்த வீட்டுக்குப் போக இஷ்டமில்லை. இங்கே என் பேச்சைக் கேட்கப் பத்துப் பேர் இருந்தார்கள், அங்கே போனால் நான் யார் என்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், இரண்டு நாள் சண்டை போட்டிருப்பார், அப்புறம் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. சமையலறைச் சுவரை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புப் பூத்திருக்குது, இந்தச் சுவரு நிக்காது" என்றேன். அவர் என் நாக்கை நம்புகிறவர். அளத்தில் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருப்பார். தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, சரியா என்று என்னையும் ஒரு தடவை கேட்டுக்கொள்வார். வீட்டுக்காரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு பாண்டிச்சேரிப் பேச்சை அவர் சாகிற வரைக்கும் எடுக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது அந்த வீட்டை இப்போதும் பார்க்கிறேன். பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுவர் நன்றாகத்தான் நிற்கிறது. குட்டைப் படகில் ஜெரால்டு டேப்பைச் சுற்றிக்கொண்டு சொன்னது அதே வார்த்தை என்பது எனக்குக் கேப்டன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. படகு விஷயத்தில் நான் தெரியாமல் தப்புச் செய்தேன். சுவர் விஷயத்தில் தெரிந்தே செய்தேன். இரண்டிலும் நம்பி ஏமாந்தவன் ஒரு நல்ல மனுஷன்.

நான் இப்படித்தான், எனக்குத் தெரியும். வேண்டும் என்று சொல்லவும் வராது, வேண்டாம் என்று சொல்லவும் வராது. ஒரு ஓட்டையைத் தேடிப் பிடித்து அதைக் காட்டுவேன், முடிவை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என்மேல் ஒரு பழியும் வராது. நீ அப்படி இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டச் சொல்லித்தருகிறார்கள் என்று நீ முதல் முதலில் வந்து நின்ற நாளை யோசித்துப் பார். நான் அந்த இடத்துக்கே வந்து லைஃப் ஜாக்கெட்டை இழுத்துப் பார்த்தேன், பெல்ட்டு பிய்ந்திருக்கிறது என்றேன். படகைத் தட்டிப் பார்த்தேன், பலகை இளைத்திருக்கிறது என்றேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால், "பெல்ட்டு வேற வாங்கிக்கலாம். எனக்குப் போவணும்மா. எனக்கு இது வேணும்" என்றாய். அடிக்கக் கை ஓங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் ஒருத்திக்காவது வாய் இருக்கிறதே என்று இருந்தது. அப்படிப்பட்டவள் இப்போது கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம், எனக்கு நெட்டைதான் வேண்டும் என்று சொல்ல முடியாமல், என் நாக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் தப்பாகச் சொன்னது போகட்டும். அந்தத் தப்பு உனக்கு அவ்வளவு வசதியாக இருந்ததே.

ஜெரால்டிடம் நேராகக் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். உனக்காக எத்தனையோ ரேஸில் கயிறு இழுத்து இழுத்து அவன் கை காய்த்துப்போயிருக்கிறது. பாண்டிச்சேரி பேங்கில் காலையிலிருந்து உட்கார்ந்துவிட்டு வருகிறவனுக்கு வார முடிவில் சும்மா மிதக்க ஆசை இருக்காதா? விட்டுக்கொடுப்பான். விட்டுக்கொடுக்கிறவன்தான். ஆனால் தான் விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும். படகு ஒழுகுகிறது, அதனால் வேறு வழியில்லை என்று அவனை நம்பவைத்து நெட்டையை வாங்கினால், என்றைக்காவது கேப்டன் சார் வாயிலிருந்தே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஊர் சின்னது. அன்றைக்கு அவன் சண்டை போடமாட்டான், சரி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். உன் அப்பா பேசாமல் இருந்த வருஷங்களை நான் பார்த்தவள். கத்துகிற புருஷனோடுகூடக் குடித்தனம் நடத்திவிடலாம். என் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் கடைசிவரைக்கும் எதை ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. குட்டைதான் நம் மதகு வரைக்கும் வரும், அதனால் அம்மா சுற்றி வளைத்துக் குட்டையை வாங்கச் சொல்கிறாள் என்று உனக்குத் தோன்றலாம். சுற்றி வளைக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். எனக்கு அந்தப் படகு பிடித்திருந்தது. அந்தப் படுக்கை பிடித்திருந்தது. அதில் இன்னொரு தடவை படுத்துத் தூங்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் நீ தண்ணீர் வழியாக என் அளத்துக்கு வந்து இறங்குவாய் என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பார், சொல்லிவிட்டேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் இது என் ஆசை, இதை நீ சுமக்க வேண்டாம். எனக்காகக் குட்டையை வாங்கினாயானால் அதில் நான் கால் வைக்கமாட்டேன். நெட்டையில் நீ இருந்த இருப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை உன்னிடமிருந்து பிடுங்கி என் முட்டிவலிக்குத் தைலம் தடவிக்கொள்ள எனக்கு வேண்டாம். எதை வாங்கினாலும் தெரிந்த ஆளை வைத்துப் படகைக் கரையில் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இனிமேல் யாரும் என் நாக்கைக் கேட்க வேண்டாம். நான் களைத்துப்போயிருக்கிறேன், ஸ்டெல்லா. எல்லாருக்கும் எல்லாவற்றையும் ருசி பார்த்துச் சொல்லிச் சொல்லி நாக்கே மரத்துவிட்டது. வாரல் முடியட்டும், நானும் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். ஜெரால்டு சாப்பிட வரும்போது குழம்புக்கு உப்பு அவனே பார்த்துச் சொல்லட்டும்.

கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்றாவது ஓலை. உன் பெயரையும் அவன் பெயரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பங்குச் சாமியார் நிமிர்ந்து பார்ப்பார். போன இரண்டு வாரமும் அந்த இடத்தில் நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் அப்படி உட்கார முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சாமியாரிடம் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ சனிக்கிழமையே அவனிடம் சொல்லிவிடு. கேப்டன் வீட்டு வாசலில், அந்தக் குட்டைப் படகுக்குப் பக்கத்திலேயே நின்று சொல். முதலில் இதில் ஓட்டை இல்லை என்று சொல். அவன் அதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திரு. அவன் முகம் எப்படி மாறினாலும் கண்ணை எடுக்காதே. அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்னிடம் சொன்ன மாதிரியே சொல்: எனக்கு நெட்டைதான் வேணும்.

உன் அம்மா